பிறக்காத உயிரின் முன்னோர்கள்

இல்லாத ஒரு விலங்கைப் பற்றி எதற்காகப் படிக்க வேண்டும்? ஊக உயிரியல் என்று பேச்செடுத்தாலே யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். இருக்கிற விலங்குகளையே நாம் அறிந்து முடித்தபாடில்லை. இதில் 10 கோடி ஆண்டுகள் கழித்து வரக்கூடும் என்று யாரோ வரைந்து வைத்த ஒன்றை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? இதற்கான பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு விலங்கை எடுத்து உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்த பிறகு சொன்னால்தான் அந்த வரிக்கு வலு இருக்கும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளப் போகும் விலங்கின் பெயர் ஓஷன் ஃபேன்டம். 2002-இல் வெளிவந்த ‘தி ஃபியூச்சர் இஸ் வைல்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அது வருகிறது. மனிதர்கள் இல்லாமல் போன பூமியில் 50 லட்சம், 10 கோடி, 20 கோடி ஆண்டுகள் கழித்து எந்தெந்த உயிர்கள் வாழலாம் என்று விஞ்ஞானிகளிடம் கேட்டு எடுத்த தொடர் அது. 10 கோடி ஆண்டுக் கட்டத்தில் பூமி சூடேறியிருக்கிறது. பனிப்பாளங்கள் உருகி, தாழ்நிலங்கள் எல்லாம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாகிவிட்டன. அந்தக் கடலின் மேற்பரப்பில் ஒரு மீன்பிடிப் படகின் அளவுக்கு மிதந்து போகிறது ஃபேன்டம். முதுகில் பாய்கள், அடியில் கொட்டும் இழைகள். பார்த்தவுடன் ராட்சத ஜெல்லி மீன் என்றுதான் சொல்லத் தோன்றும். அதன் உடல் பொந்துகளில் கடற்சிலந்திகள் குடியிருந்து காவல் காக்கின்றன. பக்கத்துத் திட்டுகளில் ரீஃப் கிளைடர் என்ற பெரிய நீந்தும் விலங்கு இருக்கிறது. அதுவும் ஃபேன்டமும் பகை.

இந்த வகைக் கற்பனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புவியியலாளர் டூகல் டிக்சன் 1981-இல் ‘ஆஃப்டர் மேன்’ என்ற நூலை எழுதினார். மனிதன் மறைந்து 5 கோடி ஆண்டுகள் ஆன பிறகு இருக்கக்கூடிய விலங்குகளை அதில் படத்தோடு காட்டினார். பின்னால் இந்தத் தொடரின் துணைநூலை எழுதியவர்களில் ஒருவரும் அவரே. அவர் வழியில் வந்தவர்கள் மதிக்கும் விதிகள் மூன்று. ஒன்று, எந்த விலங்குக்கும் இன்று வாழும் ஒரு முன்னோர் இருக்க வேண்டும். இரண்டு, அது எதைத் தின்று, எதற்குத் தப்பி, எப்படி இனம் பெருக்குகிறது என்று சொல்லியாக வேண்டும். மூன்று, காற்றும் நீரும் எடையும் அதற்காக வளைந்து கொடுக்காது. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியைப் பாருங்கள். சிங்க உடலில் துதிக்கையைப் பொருத்திய சிற்பிக்கு அழகு ஒன்றே போதுமாக இருந்தது. யாளியின் பாட்டனார் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஃபேன்டமை அப்படி விட முடியாது. அதன் பாட்டனாரை முதலில் பார்த்தாக வேண்டும்.

அவர் பெயர் ஃபைசாலியா. ‘போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்’ என்றும் ‘ப்ளூ பாட்டில்’ என்றும் சொல்வார்கள். நீலமும் ஊதாவும் கலந்த பலூன்போல, அதிகம் போனால் 30 சென்டிமீட்டர் நீளத்தில், வெப்பக் கடல்களின் மேல் மிதக்கும். மழைக்காலக் காற்றில் மும்பைக் கடற்கரையில் வந்து குவியும். நம் கிழக்குக் கரையிலும் ஒதுங்குவதுண்டு. நம் மீனவர்கள் ஜெல்லி மீன் எல்லாவற்றையும் ‘சொறி’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், உயிரியல்படி இது ஜெல்லி மீன் இல்லை. சைபனோஃபோர் என்ற தனிக் கூட்டத்தைச் சேர்ந்தது. வித்தியாசம் உடலமைப்பில் இருக்கிறது.

ஒரு வாழை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிழங்கிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் இலை விட்டு, தண்டு வளர்த்து, குலை தள்ளக்கூடிய முழு வாழை. இப்போது அந்தக் கன்றுகள் எப்போதுமே பிரியாமல் ஒட்டியே இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு கன்று இலை மட்டும் விடுகிறது, ஒன்று குலை மட்டும் தள்ளுகிறது, இன்னொன்று முள் மட்டும் வளர்த்துக் காவல் நிற்கிறது. பிரித்து நட்டால் எதுவும் பிழைக்காது. ஃபைசாலியா இப்படிப்பட்டதுதான். ஒரே கருமுட்டையிலிருந்து தொடங்கி, மொட்டு மொட்டாகக் கிளைத்து, சில மொட்டுகள் இரை பிடிக்கும் நீண்ட இழைகளாகவும், சில செரிக்கும் வாய்களாகவும், சில இனப்பெருக்க உறுப்புகளாகவும் ஆகிவிடுகின்றன. செரித்த உணவு பொதுக் குழாய் வழியாக எல்லோருக்கும் போகிறது. மூளை கிடையாது, தலைமை என்று யாரும் கிடையாது.

இதை ஒரு விலங்கு என்பதா, பல விலங்குகள் என்பதா? 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உயிரியல் விவாதங்களில் இதுவும் ஒன்று. டார்வினின் நண்பராகப் பின்னால் புகழ்பெற்ற தாமஸ் ஹக்ஸ்லி, இளைஞராக ‘ராட்டில்ஸ்நேக்’ கப்பலில் ஆஸ்திரேலியக் கடல்களுக்குப் போனபோது ஃபைசாலியாவை அறுத்துப் பார்த்து எழுதினார். ஒரு முட்டையிலிருந்து வந்தது எல்லாம் சேர்ந்து ஒரு தனி உயிர் என்பது அவர் கட்சி. ஜெர்மானிய விலங்கியலாளர் லூக்கார்ட், வேலையைப் பங்கிட்டுக்கொண்ட பல உயிர்களின் கூட்டம் என்றார். இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. பரிணாமத்தில் எப்படி உருவானது என்று பார்த்தால் கூட்டம், எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் ஒரே உயிர்.

ஃபேன்டமைப் படைத்தவர்கள் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரர்கள். தனி ஜெல்லி மீனைப் பெரிதாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. ஜப்பானியக் கடலின் நோமுரா ஜெல்லி மீன் 2 மீட்டர் அகலமும் 200 கிலோ எடையும் வரை வளரும். 2009-இல் அவற்றை வலையோடு இழுக்கப்போய் 10 டன் படகு ஒன்று சிபா கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. ஒற்றைக் குடை உடல் அதற்கு மேல் பெரிதாவது கடினம். குடை சுருங்கி விரிந்தால்தான் அது நகர முடியும். மொட்டு மொட்டாகக் கூடி வளரும் உயிருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீளம் வேண்டுமென்றால் இன்னும் நூறு மொட்டு விட்டால் போதும். 2020-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பகுதியில், ‘ஃபால்கோர்’ ஆய்வுக் கப்பல் இறக்கிய கருவி ஆழ்கடலில் சுருள் சுருளாகக் கிடந்த ஒரு சைபனோஃபோரைப் படம்பிடித்தது. அதன் வெளிச்சுற்று மட்டுமே சுமார் 47 மீட்டர் என்று கணித்தார்கள். நீலத்திமிங்கிலத்தைவிட நீளம். ஆக, படகளவு ஃபேன்டம் என்பது மிகைப்படுத்தல் இல்லை. நீளத்தைப் பொறுத்தவரை அதன் உறவினர்கள் இப்போதே அதைத் தாண்டிவிட்டார்கள்.

அடுத்தது மிதவையும் பாயும். ஃபைசாலியாவின் மிதவைக்குள் இருக்கும் காற்றில் கணிசமான பங்கு கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தால் ஆளைக் கொல்லுமே, அதே வாயு. செரின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, மிதவையின் அடியில் உள்ள ஒரு சுரப்பி அதைத் தானே தயாரிக்கிறது. மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். மிதவையின் உச்சியில் உள்ள மடிப்பு நிமிர்ந்து பாயாகிறது. அந்தப் பாய் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதில்லை. சிலவற்றில் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம்; கண்ணாடி பிம்பங்கள் மாதிரி. அதனால் ஒரே காற்று ஒரு வகையை ஒரு திசைக்கும் மற்றதை இன்னொரு திசைக்கும் தள்ளும். ஒரு காற்றடிப்பில் ஒரு வகை கரையேறிச் செத்தாலும் மறுவகை கடலில் தங்கிப் பிழைக்க இது உதவும் என்று கருதப்படுகிறது. திசை பிடிக்கத் தெரியாத ஓர் உயிர், இனத்தையே இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் அனுப்பி வைக்கிறது. எந்தக் கற்பனைக்காரரும் யோசித்திராத ஏற்பாடு இது.

ஆனால் பாய் மட்டும் வைத்துக்கொண்டு இரையைத் துரத்த முடியாது. உந்துவதற்கு ஏதாவது வேண்டும். ஃபைசாலியாவின் உறவினர்களிடம் அது இருக்கிறது. நானோமியா என்ற சிறிய சைபனோஃபோரின் தண்டில் வரிசையாக மணிகள் உண்டு. ஒவ்வொன்றும் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும். 2015-இல் வெளியான ஆய்வு அதன் வேலைப் பங்கீட்டைக் காட்டியது. நுனியில் இருக்கும் இளைய, சிறிய மணிகள் திசையைத் திருப்புகின்றன. பின்னால் இருக்கும் மூத்த, பெரிய மணிகள் முன்னோக்கித் தள்ளுகின்றன. நீண்ட உடலின் நுனியில் கொடுக்கும் சிறு உந்தலே திருப்புவதற்குப் போதும். அதனால் சின்ன மணிகளின் பலவீனம் அங்கே ஒரு குறையாகவே தெரிவதில்லை. ஒரு பெரிய மிதக்கும் உயிரைச் செலுத்துவது எப்படி என்று கேட்டால், கைவிரல் நீள உயிர் ஒன்று விடையைத் தயாராக வைத்திருக்கிறது.

கொட்டும் இழைகளைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கொட்டுசெல் என்பது உயிருலகின் மிக வேகமான இயந்திரங்களில் ஒன்று. உள்ளே சுமார் 150 வளிமண்டல அழுத்தத்தில் சுருட்டி வைத்த ஊசி. தொட்டவுடன் அது வெடித்துப் பாய எடுக்கும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹைட்ரா என்ற சிறு நீர்வாழ் உறவினரில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உயிர் போன பிறகும் இந்தச் செல்கள் வெடிக்கும். கரையில் காய்ந்து கிடக்கும் ஃபைசாலியாவையும் வெறுங்கையால் தொடக் கூடாது, பிள்ளைகளைத் தொட விடவும் கூடாது. இந்த நஞ்சுக்கு மருத்துவ வரலாற்றிலும் இடமுண்டு. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் சார்ல் ரிஷேவும் பால் போர்த்தியேவும் ஃபைசாலியாவின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸ் திரும்பிய பின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தபோது, முதல் முறை நஞ்சைத் தாங்கிப் பிழைத்த நாய்கள் சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவுக்கே செத்து விழுவதைக் கண்டார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய கடும் ஒவ்வாமையான அனஃபிலாக்சிஸ் அப்படித்தான் கண்டறியப்பட்டது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வினோதமான கடல் உயிரைப் பொறுமையாகக் கேள்வி கேட்டதால் வந்த அறிவு இது.

இப்போது காவல்காரச் சிலந்திகளுக்கு வருவோம். இங்கேதான் பலரும் ‘இது ரொம்ப அதிகம்’ என்பார்கள். எனக்கோ ஃபேன்டமின் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடற்சிலந்திகள் உண்மையில் இருக்கின்றன, 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள். உடல் என்று சொல்லத்தக்க பகுதி மிகச் சிறியது. அதனால் குடல் கால்களுக்குள்ளேயே ஓடுகிறது. மூச்சுக்கென்று தனி உறுப்பு இல்லை, தோல் வழியாகவே ஆக்சிஜன் போகிறது. அவற்றில் பல இன்று எதைத் தின்கின்றன தெரியுமா? கடற்சாமந்திகளையும், ஃபைசாலியாவின் உறவினர்களான ஹைட்ராய்டுகளையும் குத்தி உறிஞ்சுகின்றன. சில இனங்களின் குஞ்சுகள் ஹைட்ராய்டின் உடலுக்குள்ளேயே வளர்கின்றன. ஆக, இந்த இரு வம்சங்களுக்கும் இடையே உறவு ஏற்கெனவே உண்டு, ஒட்டுண்ணி உறவாக. தொடர் அந்த உறவைக் காவல் உறவாக மாற்றிக் காட்டுகிறது.

அந்த மாற்றம் நடக்கக்கூடியதா? பவளத்தில் பாருங்கள். டிரபீசியா என்ற சிறு நண்டுகள் கிளைப்பவளத்தின் சளியையும் கொழுப்பையும் தின்று அதன் இடுக்கில் வாழ்கின்றன. பவளத்தைத் தின்ன முள்முடி நட்சத்திரமீன் ஏறினால், அதன் குழாய்க்கால்களைக் கிள்ளிக் கிள்ளி விரட்டிவிடுகின்றன. வீட்டுக்காரரைச் சுரண்டித் தின்பவருக்கு அந்த வீடு நிலைத்தால்தான் சாப்பாடு என்ற நிலை வந்துவிட்டால், காவலுக்கு நிற்பது அவருக்கே லாபம். பரிணாமத்தில் இந்தப் பாதை பலமுறை நடக்கப்பட்ட பாதை.

பகைவனான ரீஃப் கிளைடரின் வம்சமும் அப்படியே. அது ஓடில்லாத கடல் நத்தைகளின் சந்ததி. இன்று கிளாக்கஸ் என்ற 3 சென்டிமீட்டர் நீலக் கடல் நத்தை, வயிற்றில் காற்றுக் குமிழை வைத்துக்கொண்டு தலைகீழாக மிதந்து, ஃபைசாலியாவையே தின்கிறது. தின்பதோடு விடுவதில்லை. வெடிக்காத கொட்டுசெல்களைப் பத்திரமாகத் தன் உடல் நுனிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, தன் ஆயுதமாக்கிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இவை சென்னை பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தன. 10 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு சண்டையின் இரு தரப்பும் நம் கரைக்கே வந்து போகின்றன.

இவ்வளவு பாராட்டிய பின், எங்கே எனக்கு உடன்பாடில்லை என்றும் சொல்ல வேண்டும். பாய் எனக்கு உறுத்துகிறது. நீளம் 2 மடங்கானால் பாயின் பரப்பு 4 மடங்காகும். காற்றின் தள்ளலும் 4 மடங்கு. ஆனால் பாயைத் தாங்கும் அடிப்பகுதியின் நீளம் 2 மடங்குதான் கூடும். தாக்குப்பிடிக்கத் தசையின் தடிமனும் சேர்ந்து கூடியாக வேண்டும். ஃபைசாலியாவிலிருந்து படகளவுக்குப் போக நீளம் முப்பது மடங்குக்கும் மேல் கூட வேண்டும். நீர் நிறைந்த மென்தசைக்கு அது பெரிய சுமை. நான் சொன்ன 47 மீட்டர் உயிரும் ஆழ்கடலின் அசையாத நீரில் வாழ்வது; அலை அடிக்கும் மேற்பரப்பில் அது ஒரு நாள் தாங்காது. பாறைத்திட்டுகள் சூழ்ந்த அமைதியான ஆழமற்ற கடல் என்று படைத்தவர்கள் வைத்தது ஓரளவு உதவுகிறது. இருந்தாலும், ஒரு பெரும்புயல் வந்தால் ஃபேன்டம் என்ன ஆகும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

காலம் மட்டும் அதற்குச் சாதகம். கனடாவின் பர்ஜெஸ் பாறைகளில் கிடைத்து 2023-இல் பெயரிடப்பட்ட ஒரு ஜெல்லி மீன் புதைபடிவத்தின் வயது சுமார் 50.5 கோடி ஆண்டுகள். ஜெல்லி மீனும் ஃபைசாலியாவும் சேர்ந்த அந்தப் பெருவம்சம், டைனோசர்களை அழித்தது உட்பட ஐந்து பேரழிவுகளைத் தாண்டி வந்திருக்கிறது. இன்னும் 10 கோடி ஆண்டு என்பது அதன் இதுவரைக்குமான வரலாற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது நாமே ஒன்றைப் படைத்துப் பார்ப்போம். முன்னோராகக் காசியோப்பியாவை எடுத்துக்கொள்ளலாம். அலையாத்திக் காடுகளின் ஆழமில்லா நீரில் தலைகீழாகத் தரையில் படுத்திருக்கும் ஜெல்லி மீன் அது. உடலுக்குள் பாசிகளைக் குடிவைத்து, அவை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையைத் தின்கிறது. கடல் உயர்ந்து சதுப்புகள் பரந்துவிட்ட ஒரு காலத்தில், இதன் வாரிசுகள் பக்கத்தில் படுத்திருப்பவற்றோடு விளிம்பு விளிம்பாக ஒட்டிக்கொண்டு, ஒரு வயலைப்போலப் பரந்து கிடக்கும் ஒரே உயிராகிவிட்டதாக வைப்போம். சாப்பாட்டுக்கு வெயில் இருக்கிறது. பகலில் ஆக்சிஜனையும் பாசிகளே தரும். இரவில்? பாசிகள் ஓய்ந்துவிடும், சேற்று நீரில் ஆக்சிஜன் சரியும். குடைகள் துடித்துத் துடித்துப் புது நீரைக் கொண்டுவந்தாக வேண்டும். ஆனால் 2017-இல் ஓர் ஆய்வு, மூளையே இல்லாத காசியோப்பியா இரவில் துடிப்பைக் குறைத்துத் தூக்கம் போன்ற நிலைக்குப் போகிறது என்று காட்டியிருக்கிறது. அந்தத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் அது சோர்ந்தும் போகிறது. அப்படியானால் நம் வயல் உயிரின் அங்கங்கள் முறைவைத்துத் தூங்க வேண்டும். ஒரு பகுதி விழித்திருக்க, மறு பகுதி ஓய வேண்டும்.

கொஞ்சம் நின்று பாருங்கள், நாம் எங்கே வந்திருக்கிறோம் என்று. அடர்த்தியாகப் படுத்திருக்கும் இன்றைய காசியோப்பியாக் கூட்டத்தில், எல்லாம் ஒரே நேரத்தில் தூங்குகின்றனவா, முறைவைத்தா? பக்கத்தில் இருப்பது துடிப்பதைப் பொறுத்து ஒன்றின் தூக்கம் மாறுமா? இவை கற்பனைக் கேள்விகள் இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு கேமராவும் பொறுமையும் இருந்தால் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டுப் பார்க்கக்கூடிய கேள்விகள். பிறக்காத உயிர் ஒன்றைச் சரியாகக் கட்ட முயன்றதால்தான் அவை நம் கையில் கிடைத்தன.

தொடக்கத்தில் தள்ளிவைத்த அந்த ஒரு வரிப் பதில் இதுதான்: நேர்மையாகப் படைத்த கற்பனை விலங்கு ஒவ்வொன்றும், உயிரோடு இருக்கும் ஏதோ ஒரு விலங்கைப் பற்றி நாம் இதுவரை கேட்காத ஒரு கேள்வியைத் தருகிறது. அந்தக் கேள்விகளுக்குப் பஞ்சமும் இல்லை. ஹக்ஸ்லி காலத்திலிருந்து அறுத்து ஆராயப்பட்ட ஃபைசாலியாவே ஓர் இனம் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தோம். உலகெங்கும் சேகரித்த மாதிரிகளின் மரபணுக்களைப் படித்து, அது குறைந்தது நான்கு இனங்கள் என்று 2025-இல்தான் சொன்னார்கள். உங்கள் வீட்டில் டிராகனும் வேற்றுக்கிரக விலங்கும் வரையும் பிள்ளை இருந்தால், அடுத்த படத்துக்கு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கொடுங்கள்: இதன் முன்னோர் யார், இது எதைத் தின்று பிழைக்கிறது, புயல் வந்தால் என்ன செய்யும்? மூன்றாவது கேள்விக்கு விடை தேடிப் போகும் பிள்ளை கடலையே படிக்கத் தொடங்கிவிடும்.